முழுமைத்தொகுதியின் சராசரி பற்றிய எடுகோள் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பாடத்தில் வாய்பாட்டில் எண்களைப் போட்டு விடை காண்பது பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. விடை வந்த பிறகு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்ற இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் இங்கே கணக்கை ஒரே ஒருமுறை முழுதாகப் போட்டுவிட்டு, மிச்ச இடத்தை அதன் பொருளுக்கே கொடுத்திருக்கிறேன்.

எடுகோள் சோதனை எதற்காக?

ஒரு இயந்திரம் 50 மி.மீ. நீளத்தில் உலோகத் தண்டுகளை வெட்டித் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெட்டிய, வெட்டப்போகிற தண்டுகள் அத்தனையும் சேர்ந்ததுதான் முழுமைத்தொகுதி. அவற்றின் சராசரி உண்மையிலேயே 50தானா என்று அறிய எல்லாவற்றையும் அளக்க முடியாது. கையில் எடுத்து அளக்க முடிந்த சில தண்டுகள்தான் மாதிரி. மாதிரியின் சராசரி 50.2 என்று வந்தால், அந்த 0.2 இயந்திரத்தின் கோளாறா, அல்லது நாம் எடுத்த தண்டுகள் தற்செயலாகக் கொஞ்சம் நீளமாக அமைந்துவிட்டனவா? இந்த ஒரு கேள்விக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இன்மை எடுகோள், மாற்று எடுகோள்: எதை எங்கே வைப்பது?

சமக்குறி எங்கே இருக்கிறதோ அதுதான் இன்மை எடுகோள். 'சராசரி 50க்குச் சமம்' என்பது இன்மை. 'சராசரி 50 அல்ல' என்பது மாற்று. காரணம் எளிது. கணக்குப் போட ஒரு திட்டவட்டமான எண் வேண்டும். '50 அல்ல' என்பதை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. '50' என்று பிடித்துக்கொண்டால், மாதிரிச் சராசரி எவ்வளவு தூரம் ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம்.

இரண்டுமே முழுமைத்தொகுதியின் சராசரியைப் பற்றியவை. 'இன்மை எடுகோள்: மாதிரிச் சராசரி = 50' என்று எழுதுபவர்கள் உண்டு. மாதிரிச் சராசரி நம் கண்ணெதிரே 50.2 என்று இருக்கிறது. அதைப் பற்றி எடுகோள் எதற்கு?

ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசிவரை காட்ட முடியுமா?

பத்துத் தண்டுகளை அளந்ததில் வந்த நீளங்கள், மி.மீ. அளவில்:

50.2, 49.9, 50.4, 50.1, 50.3, 49.8, 50.5, 50.2, 50.0, 50.6

கூட்டுத்தொகை 502.0, சராசரி 50.20. ஒவ்வொரு எண்ணும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 0.60 வருகிறது. அதை 10 ஆல் வகுக்காமல் 9 ஆல் வகுக்கிறோம்: 0.0667. வர்க்கமூலம் 0.258. இது மாதிரியின் திட்ட விலக்கம்.

இனி முக்கியமான அடி. 0.258 என்பது ஒரு தனித் தண்டு எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு. நமக்கு வேண்டியது பத்துத் தண்டுகளின் சராசரி எவ்வளவு ஆடும் என்பது. சராசரி எடுக்கும்போது ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். எனவே ஆட்டம் √10 மடங்கு குறையும். 0.258 ÷ 3.162 = 0.0816. இதுதான் திட்டப் பிழை.

மாதிரிச் சராசரி 50இலிருந்து விலகிய தூரம் 0.2. அதைத் திட்டப் பிழையால் வகுத்தால் 2.45. இதற்குப் பெயர் டி-மதிப்பு. 'சொன்ன இடத்திலிருந்து எத்தனை திட்டப் பிழை தள்ளி நிற்கிறோம்' என்பதுதான் அதன் முழுப் பொருளும்.

கட்டின்மை எண் 9 (அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு), இருமுனைச் சோதனை (கூடினாலும் குறைந்தாலும் விலகல்தான்), முக்கியத்துவ மட்டம் 5% (இன்மை எடுகோள் உண்மையாக இருந்தும் தவறாக நிராகரிக்க நாம் அனுமதிக்கும் வாய்ப்பு) என்று டி-அட்டவணையைப் பார்த்தால் எல்லை 2.262. நம்முடைய 2.45 அதைத் தாண்டிவிட்டது. இன்மை எடுகோளை நிராகரிக்கிறோம். மென்பொருளில் போட்டால் பி-மதிப்பு (இன்மை எடுகோள் உண்மை என்றால் இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ விலகல் வரும் வாய்ப்பு; கீழே விரிவாகப் பார்ப்போம்) சுமார் 0.037 என்று வரும். 1% மட்டத்தில் எல்லை 3.250, அங்கே நிராகரிக்க முடியாது.

9 ஆல் வகுப்பது ஏன்?

விலகல்களை உண்மைச் சராசரியிலிருந்து அளக்கவில்லை. அதே பத்து எண்களிலிருந்து கண்டுபிடித்த சராசரியிலிருந்து அளந்தோம். அந்தச் சராசரி தன் எண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும் இயல்புடையது. அதனால் விலகல்கள் இருக்க வேண்டியதைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரியும். 9 ஆல் வகுப்பது அந்தக் குறையை ஈடுசெய்கிறது. வேறு விதமாகவும் பார்க்கலாம்: பத்து விலகல்களின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியம். ஒன்பது தெரிந்தால் பத்தாவது தானே தெரிந்துவிடும். கட்டுப்படாதவை ஒன்பதுதான்.

இசட்-சோதனையா, டி-சோதனையா? மாதிரி 30ஐத் தாண்டினால் இசட் என்கிறார்களே?

முழுமைத்தொகுதியின் திட்ட விலக்கம் நிச்சயமாகத் தெரிந்தால் இசட், அதாவது எல்லையை இயல்நிலைப் பரவலிலிருந்து (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவப் பரவல்) எடுக்கும் சோதனை. அதையும் மாதிரியிலிருந்தே மதிப்பிட்டால் டி. விதி அவ்வளவுதான். சராசரி தெரியாமல் திட்ட விலக்கம் மட்டும் தெரிந்திருப்பது நடைமுறையில் அரிது. ஆகவே நீங்கள் சந்திக்கும் கணக்குகள் பெரும்பாலும் டி-தான்.

30 என்ற எண் அச்சிட்ட அட்டவணைகளின் காலத்துப் பழக்கம். மாதிரி பெருகப் பெருக டி-எல்லை இசட்டின் 1.96ஐ நெருங்கும். 30 வாக்கில் 2.04 அளவில் இருக்கும். வித்தியாசம் சிறிது என்று விட்டுவிட்டார்கள். இன்று கணினி இருக்கிறது, விட்டுவிட வேண்டிய தேவை இல்லை.

சிறிய மாதிரியில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்பதை நம் தண்டுகளிலேயே பார்க்கலாம். அதே 2.45ஐ இசட் என்று எண்ணி அட்டவணை பார்த்தால் பி-மதிப்பு 0.014. டி என்று பார்த்தால் 0.037. உள்ளதைவிட இரண்டரை மடங்கு வலுவான சான்று இருப்பதாக நம்பிவிடுவோம். இதைக் கண்டுகொண்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்குக் கிடைத்தவை எல்லாம் சிறிய மாதிரிகள். 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் தன் கட்டுரையை வெளியிட்டார். 'ஸ்டூடன்ட் டி' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். மாணவர்களுக்கான சோதனை என்று பொருள் அல்ல.

பி-மதிப்பு 0.037 என்றால், இன்மை எடுகோள் உண்மையாக இருக்க 3.7% வாய்ப்பு என்றுதானே பொருள்?

இல்லை. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மறக்காமல் எடுத்துப்போக முடியும் என்றால், இதை எடுத்துப்போங்கள்.

பி-மதிப்பு சொல்வது இது: சராசரி உண்மையிலேயே 50 என்று வைத்துக்கொண்டால், 50இலிருந்து இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய மாதிரி கிடைக்க 3.7% வாய்ப்பு. எடுகோளை உண்மை என்று முதலிலேயே வைத்துக்கொண்டு செய்த கணக்கு, அதே எடுகோள் உண்மையா என்பதற்கான வாய்ப்பை எப்படிச் சொல்லும்? 'மழை பெய்தால் தரை நனைந்திருக்கும்' என்பதிலிருந்து 'தரை நனைந்திருக்கிறது, எனவே மழைதான்' என்று தாவுவது போன்றது அது.

எண்ணில் பார்ப்போம். 1000 இயந்திரங்கள் இருக்கின்றன. 900 சரியானவை, 100 பிசகியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 5% மட்டத்தில் சோதனை. சரியான 900இல் 45 இயந்திரங்கள் தற்செயலாக மாட்டிக்கொள்ளும். பிசகிய 100இல், சோதனைக்கு 80% திறன் இருந்தால், அதாவது பிசகியதைப் பிடிக்கும் வாய்ப்பு 80% என்றால், 80 பிடிபடும். ஆக நிராகரிக்கப்பட்டவை 125. அவற்றில் 45 சரியானவை, அதாவது 36%. ஐந்து சதவீதத்தில் சோதித்தோம், ஆனால் நாம் 'பிசகியது' என்று முத்திரை குத்தியவற்றில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தவறு. பிசகியவை அரிதாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் மோசமாகும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் பி-மதிப்பு குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பி-மதிப்பு எடுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை அளப்பதில்லை என்பதை அதிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நிராகரிக்க முடியாதபோது 'இன்மை எடுகோளை ஏற்றுக்கொள்கிறோம்' என்று எழுதலாமா?

பல பாடநூல்களில் அப்படித்தான் இருக்கிறது. எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகாமல் இருக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்பேன், ஏன் என்று பாருங்கள்.

மேலே உள்ள தண்டுகளில் முதல் ஐந்தை மட்டும் எடுங்கள்: 50.2, 49.9, 50.4, 50.1, 50.3. சராசரி 50.18, திட்ட விலக்கம் 0.192, திட்டப் பிழை 0.086. டி-மதிப்பு 2.09. கட்டின்மை எண் 4க்கு எல்லை 2.776. நிராகரிக்க முடியவில்லை. அதே இயந்திரம், அதே தண்டுகள், விலகலும் ஏறத்தாழ அதே 0.18. 'சராசரி 50 என்று ஏற்றுக்கொள்கிறோம்' என்று எழுதிவிட்டு, பத்துத் தண்டுகளை அளந்ததும் 'இல்லை, 50 அல்ல' என்று எழுதுவீர்களா? மாறியது இயந்திரம் அல்ல. நம்மிடம் இருந்த சான்றின் அளவு. 'நிராகரிக்கப் போதிய சான்று இல்லை' என்று எழுதினால் இரண்டு முடிவுகளும் முரண்படாமல் நிற்கும்.

அந்த 5% எங்கிருந்து வந்தது?

ரொனால்ட் ஃபிஷர் 1925இல் ஆராய்ச்சியாளர்களுக்காக எழுதிய புள்ளியியல் நூலில், இயல்நிலைப் பரவலில் இருபதில் ஒன்று என்ற வாய்ப்புக்கு உரிய 1.96, கிட்டத்தட்ட 2, எல்லையாக வைத்துக்கொள்ள வசதியான புள்ளி என்றார். வசதி என்பதுதான் அவர் சொன்ன காரணம். எந்த விஞ்ஞானியும் ஆண்டுக்கு ஆண்டு, எல்லாச் சூழலிலும் ஒரே மட்டத்தை வைத்துக்கொண்டு எடுகோள்களை நிராகரிப்பதில்லை என்று 1956இல் அவரே எழுதினார். துகள் இயற்பியலில் ஒரு கண்டுபிடிப்பை அறிவிக்க ஐந்து திட்ட விலக்கம் வேண்டும்; 2012இல் ஹிக்ஸ் துகள் அறிவிப்பு அந்த எல்லையை எட்டிய பிறகுதான் வந்தது. தவறாக நிராகரித்தால் என்ன இழப்பு என்பதைப் பொறுத்து மட்டத்தை வையுங்கள். தரவைப் பார்ப்பதற்கு முன்பே வையுங்கள்.

ஒருமுனைச் சோதனை எப்போது?

ஒரு பக்கத்து விலகல் மட்டுமே உங்கள் முடிவை மாற்றும் என்றால், அதுவும் அளப்பதற்கு முன்பே தெரியும் என்றால். மாதிரிச் சராசரி 50.2 என்று பார்த்த பிறகு 'சராசரி 50ஐவிட அதிகம்' என்று மாற்று எடுகோளை எழுதுவது, அம்பை எய்துவிட்டு அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது. பி-மதிப்பு பாதியாகும், சான்று கூடாது. சந்தேகம் இருந்தால் இருமுனை.

முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை: எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

இன்மை எடுகோள் உண்மையாக இருக்கும்போது நிராகரிப்பது முதல் வகை. அது பொய்யாக இருக்கும்போது நிராகரிக்கத் தவறுவது இரண்டாம் வகை. நல்ல இயந்திரத்தை நிறுத்திப் பிரித்துப்போடுவது முதலாவது. பிசகியதை ஓடவிடுவது இரண்டாவது. இந்தச் சட்டகத்தைக் கட்டியவர்கள் ஜெர்சி நேமனும் ஈகான் பியர்சனும்; அவர்களது முக்கியமான கட்டுரை 1933இல் வந்தது.

முதல் வகைப் பிழையின் வாய்ப்பை நாமே நிர்ணயிக்கிறோம், அதுதான் முக்கியத்துவ மட்டம். இரண்டாம் வகையை யாரும் கணக்கிடாமல் விட்டுவிடுகிறார்கள். உண்மையான விலகலைப் பிடிக்கும் வாய்ப்புக்குச் சோதனையின் திறன் என்று பெயர்.

எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்?

எவ்வளவு சிறிய விலகலைத் தவறவிடக்கூடாது என்று நீங்கள் சொன்னால்தான் இதற்குப் பதில் உண்டு. திட்ட விலக்கம் சுமார் 0.26, 0.1 மி.மீ. விலகலை 80% வாய்ப்புடன் பிடிக்க வேண்டும், இருமுனை 5% என்றால்: இருமுனை 5%க்கு உரிய 1.96ஐயும் 80% திறனுக்கு உரிய 0.84ஐயும் கூட்டி (2.8), அதை 0.26 ÷ 0.1 உடன் பெருக்கி (7.28), வர்க்கப்படுத்துங்கள். 53. டி-க்காக இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். பிடிக்க வேண்டிய விலகல் பாதியானால் மாதிரி நான்கு மடங்காகும்.

தரவு இயல்நிலைப் பரவலில்தான் இருக்க வேண்டுமா?

சிறிய மாதிரிக்கு ஓரளவு அப்படி இருக்க வேண்டும். பெரிய மாதிரியில், மைய எல்லைத் தேற்றத்தின் தயவால், தனி மதிப்புகள் கோணலாகப் பரவியிருந்தாலும் சராசரி ஏறத்தாழ இயல்நிலையில் வந்து நிற்கும். வெகுவாகக் கோணியிருந்தால் 30 போதாது.

உண்மையான ஆபத்து இரண்டு. முதலாவது, விலகி நிற்கும் ஒற்றை மதிப்பு. கடைசித் தண்டின் 50.6ஐத் தட்டச்சில் 56.0 என்று போட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 50.74க்கு ஏறுகிறது, 50இலிருந்து மூன்றரை மடங்குக்கு மேல் தள்ளிப் போகிறது. டி-மதிப்பும் ஏறும் என்றுதானே தோன்றும்? 2.45இலிருந்து 1.26க்கு விழுகிறது! அந்த ஒரு எண் திட்ட விலக்கத்தை 1.86 ஆக ஊதிவிட்டது. கணக்கைத் தொடங்குமுன் எண்களை ஒருமுறை வரைந்து பாருங்கள்.

இரண்டாவது, மதிப்புகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். இது உடைந்தால் மாதிரியைப் பெரிதாக்கியும் சரிசெய்ய முடியாது. அடுத்தடுத்து வெட்டிய பத்துத் தண்டுகள் ஒரே சூட்டில், ஒரே அலகு நிலையில் வெட்டியவை. அவை ஒன்றுபோல் இருக்கும். நாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த பத்துக்கு அவை ஈடாகா.

உண்மையான தரவில் ஓர் உதாரணம் உண்டா?

உடல் வெப்பநிலை. சராசரி 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற எண்ணை நிலைநிறுத்தியது கார்ல் வுண்டர்லிக் 1868இல் வெளியிட்ட நூல். 1992இல் பிலிப் மக்கோவியாக்கும் உடனிருந்தோரும் 148 ஆரோக்கியமான பெரியவர்களிடம் எடுத்த 700 அளவீடுகளை ஆராய்ந்தார்கள், சராசரி 36.8 செல்சியஸ் என்று வந்தது. அந்தக் கட்டுரையை ஒட்டி உருவாக்கிய 130 மதிப்புகள் கொண்ட தரவு இன்று புள்ளியியல் வகுப்புகளில் பரவலாகப் புழங்குகிறது. ஃபாரன்ஹீட்டில் அதன் சராசரி 98.25, திட்ட விலக்கம் 0.73. திட்டப் பிழை 0.064, டி-மதிப்பு சுமார் −5.45. பி-மதிப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே.

98.6 நிராகரிக்கப்பட்டது. ஏன் மாறியது என்று சோதனை சொல்லுமா? சொல்லாது. வுண்டர்லிக் அக்குளில் அளந்தார், 1992இல் வாயில் அளந்தார்கள். கருவிகள் வேறு, மக்கள் வேறு. இன்னொன்றையும் கவனியுங்கள்: 148 பேரிடம் 700 அளவீடுகள் என்றால், ஒருவரிடமே பலமுறை அளந்திருக்கிறார்கள். அவற்றை 700 தனித்தனி மதிப்புகளாக எண்ணி √700 ஆல் வகுத்தால் திட்டப் பிழை பொய்யாகச் சுருங்கிவிடும். முந்தைய கேள்வியில் சொன்ன சார்பின்மை இதுதான்.

நிராகரித்துவிட்டோம் என்றால் விலகல் பெரியது என்று பொருளா?

40,000 தண்டுகளை அளந்து, சராசரி 50.005, திட்ட விலக்கம் 0.26 என்று வந்தால் டி-மதிப்பு 3.85. மறுபேச்சில்லாமல் நிராகரிக்கலாம். விலகலோ ஒரு மி.மீ.யின் இருநூறில் ஒரு பங்கு. அரை மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளும் பொருத்துதலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 'புள்ளியியல் முக்கியத்துவம்' என்ற பெயரில் உள்ள 'முக்கியத்துவம்' பலரை ஏமாற்றிவிடுகிறது.

ஆகவேதான் நம்பிக்கை இடைவெளியையும், அதாவது தரவுக்கு முரண்படாத சராசரிகளின் எல்லையையும், சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விடாமல் கேட்கிறேன். பத்துத் தண்டுகளுக்கு: 50.20 கூட்டல் கழித்தல் (2.262 × 0.0816), அதாவது 50.015 முதல் 50.385 வரை. 50 இதற்கு வெளியே இருக்கிறது என்பதும், 5% இருமுனைச் சோதனையில் நிராகரித்தோம் என்பதும் ஒரே செய்தி. ஆனால் இடைவெளி கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது: விலகல் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் இருக்கலாம், 0.4 மி.மீ. அளவிலும் இருக்கலாம். முதல் ஐந்து தண்டுகளுக்கு அது 49.94 முதல் 50.42 வரை, 50 உள்ளே இருக்கிறது, 50.4உம் உள்ளே இருக்கிறது.

மென்பொருளில் எப்படிச் செய்வது?

ஆர் மொழியிலும் பைத்தானின் சைபை தொகுப்பிலும் ஒரே வரியில் முடியும். சொல்லாவிட்டால் இரண்டுமே இருமுனைச் சோதனையைத்தான் செய்யும். எக்செலின் டி-சோதனைச் சார்பு இரண்டு தொகுதிகளை ஒப்பிடுவதற்கானது. ஒற்றை மாதிரிக்கு டி-மதிப்பை நீங்களே கணக்கிட்டுப் பிறகு பரவல் சார்பில் போட வேண்டும்.

நிராகரிக்க முடியவில்லை என்றால், இன்னும் சில அளவீடுகளைச் சேர்த்து மறுபடி சோதிக்கலாமா?

முன்கூட்டியே திட்டமிடாமல் அப்படிச் செய்தால் 5% என்பது 5% ஆக இருக்காது. உண்மையில் விலகலே இல்லாதபோதும், சம இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு சுமார் 8% ஆகிறது. ஐந்து முறை பார்த்தால் 14%. பத்து முறை பார்த்தால் 19%. ஒவ்வொரு முறையும் தற்செயலுக்கு இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கிறோம், எல்லையைத் தாண்டிய உடனே நிறுத்திக்கொள்கிறோம்.

கவனமாகப் படித்தவர்கள் இந்நேரம் என்னைக் கேட்டிருப்பார்கள்: 'மேலே ஐந்து தண்டில் பார்த்தீர்கள், பிறகு பத்தில் பார்த்தீர்களே?' சரியான கேள்வி. நான் பத்தையும் அளந்த பிறகு, விளக்குவதற்காக ஐந்தைப் பிரித்துக் காட்டினேன், ஆகவே 0.037 அப்படியே நிற்கும். ஆனால் ஒருவர் உண்மையிலேயே ஐந்தில் நிறுத்திச் சோதித்து, தோற்று, அதன் பிறகு இன்னும் ஐந்தை வெட்டி அளந்திருந்தால் கணக்கு வேறு. இரண்டு முறை பார்ப்பேன் என்று முன்பே அறிவித்துச் செய்வதற்கு முறைகள் இருக்கின்றன. ஸ்டூவர்ட் போகாக் 1977இல் கொடுத்த முறைப்படி, மொத்தம் 5%க்குள் நிற்க ஒவ்வொரு பார்வைக்கும் பி-மதிப்பு 0.0294க்குக் கீழே வர வேண்டும். பெரிய மாதிரிகளுக்காகக் கணக்கிட்ட எல்லை அது, பத்துத் தண்டுகளுக்குத் தோராயம்தான். அந்தத் தோராயத்தின்படியே பார்த்தாலும் 0.037 போதாது, அதே பத்து எண்களை வைத்துக்கொண்டு அவரால் நிராகரிக்க முடியாது.